மெயிலும் மேப்பும்: புதிதாக ஸ்மார்ட்ஃபோன் வாங்கியவர்கள் வீட்டில் வைத்தே முடிக்க வேண்டிய வேலைகள்

போன மார்கழியில் என் ஃபோனின் பேட்டர்ன் எனக்கே மறந்துபோனது. எத்தனை விதமாகக் கோடு போட்டாலும் திறக்கவில்லை. பஜாரில் ஒரு செல்ஃபோன் கடையில் கொடுத்தேன். பக்கத்துப் பொத்தான்களைச் சேர்த்து அமுக்கி ரீசெட் செய்தார்கள். ஃபோன் புதிதுபோல் எழுந்தது, ஆனால் உள்ளே விடவில்லை. இந்த ஃபோனில் முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடு என்று கேட்டு நின்றுவிட்டது.

அந்தக் கணக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. ஃபோன் வாங்கிய அன்று வேறொரு கடையில் இருந்த பையன், "அக்கா, நீங்க உட்காருங்க, நானே போட்டுத் தரேன்" என்று ஐந்தே நிமிடத்தில் உருவாக்கிக் கொடுத்தது அது. பாஸ்வேர்டு அவன் வைத்தது. கணக்கை மீட்பதற்காகக் கொடுத்த எண்ணும் அவனுடையது. விசாரித்தால், அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டானாம். ஃபோன் வாங்கிய பில்லைத் தேடி எடுத்து, சர்வீஸ் சென்டருக்கு இரண்டு நடை நடந்து, ஃபோன் திரும்பக் கைக்கு வர 11 நாள் ஆனது. அந்தக் கணக்கில் இருந்த மெயில்களும் பேரனின் மொட்டைப் போட்டோக்களும் போனது போனதுதான்.

அந்தக் காயம் ஆறுவதற்குள் தை மாதத்தில் மேப்பை நம்பி ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். லெட்ஜர் எழுதத் தெரியும், ஃபோன் தெரியாது. இரண்டு அடி பட்டபிறகு, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். அதை வரிசையாக எழுதுகிறேன். இது ஆண்ட்ராய்டு ஃபோன், ஜிமெயில், கூகுள் மேப் இவற்றுக்கானது. என் ஃபோனை ஆங்கிலத்தில் வைத்திருப்பதால் பொத்தான்களின் பெயரை அங்கே உள்ளபடியே எழுதுகிறேன். கம்பெனிக்குக் கம்பெனி சொற்கள் கொஞ்சம் மாறும், பயப்பட வேண்டாம்.

1. உட்காரும் முன் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு, ஒரு பேனா, உங்கள் கைவசம் இருக்கும் சிம். அவ்வளவுதான். ஜிமெயில் கணக்குத் தொடங்க ஆதார் வேண்டாம், பான் வேண்டாம், போட்டோ வேண்டாம், பணமும் வேண்டாம். யாராவது மெயில் ஐடி போட்டுத் தருகிறேன் என்று ஆதார் நகல் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். கடைகளில் இதற்கு 50, 100 என்று வாங்குகிறார்கள். அந்தக் காசுக்கு ஒரு மாதம் பால் வாங்கலாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் காசைக் கொடுத்து நீங்கள் வாங்குவது எனக்கு வந்த வினையைத்தான்.

சிம் உங்கள் பெயரில் இருக்கட்டும். மகன் பெயரில் இருந்தாலும் ஓடிபி, அதாவது ஒரே ஒரு முறை செல்லும் ரகசிய எண், எஸ்எம்எஸ்ஸில் வரும், ஆனால் சிம் தொலைந்தால் மாற்று சிம் வாங்க அவர்தான் வரவேண்டும். அவர் ஓமனில் இருந்தால்?

நேரம் என்று பார்த்தால், நிதானமாகச் செய்தால் கணக்குக்கு அரை மணி, மீட்பு ஏற்பாடுகளுக்கு இன்னொரு அரை மணி. அடுப்பில் எதையும் வைத்துவிட்டு உட்காராதீர்கள். ஓடிபி வந்து சில நிமிடத்துக்குள் போட வேண்டியிருக்கும், குக்கர் விசில் அதே நேரம் பார்த்துத்தான் அடிக்கும்.

2. கணக்கை உங்கள் கையாலேயே தொடங்குங்கள்

செட்டிங்ஸ் போய், அக்கவுண்ட்ஸ், ஆட் அக்கவுண்ட், கூகுள். அங்கே கிரியேட் அக்கவுண்ட் என்று இருக்கும். பெயர், பிறந்த தேதி கேட்கும். பிறந்த தேதியை உண்மையாகவே போடுங்கள், நோட்டிலும் எழுதுங்கள். ஏதோ ஒரு தேதியைத் தட்டிவிட்டுப் போனால் பின்னால் கேட்கும்போது நினைவிருக்காது.

அடுத்து மெயில் முகவரி. 6 முதல் 30 எழுத்து வரை வைக்கலாம். ஆங்கில எழுத்து, எண், புள்ளி இவை மட்டும் செல்லும். உங்கள் பெயர் ஏற்கெனவே யாரோ எடுத்திருப்பார்கள், நிச்சயம். அதனால் பெயரோடு ஊர் அல்லது இனிஷியல் சேருங்கள். ஒரு சோதனை உண்டு: அந்த முகவரியை ஃபோனில் ஒருவருக்குச் சொல்லி எழுத வையுங்கள். இரண்டு முறைக்கு மேல் திருத்த வேண்டி வந்தால் வேறு பெயர் வையுங்கள். பேங்கிலும் ஆஸ்பத்திரியிலும் இதைத்தான் வாய்விட்டுச் சொல்லப் போகிறீர்கள். நடுவே புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஜிமெயிலுக்கு ஒன்றுதான், ஆகவே யாராவது புள்ளியை விட்டுவிட்டு எழுதினால் பதற வேண்டாம். ஒரு எழுத்து மாறினால்தான் மெயில் வேறு யாருக்கோ போய்விடும்.

பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து. பேரன் பெயர், ஃபோன் எண், வண்டி எண் வேண்டாம். எனக்குப் பிடித்த முறை: ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று சொற்கள், நடுவில் ஒரு எண். வெண்கலப் பானை, பனங்கிழங்கு, லாரி மாதிரி. அதை ஆங்கில எழுத்தில் எழுதினால் யாராலும் ஊகிக்க முடியாது, உங்களுக்கு மறக்காது.

பாஸ்வேர்டை எழுதி வைக்கவே கூடாது என்று படித்த பிள்ளைகள் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் வயதில் திருடனைவிட மறதிதான் பக்கத்தில் இருக்கிறது. நோட்டில் எழுதி, பீரோவில் பத்திரங்களோடு வையுங்கள். ஃபோன் உறைக்குள் துண்டுச் சீட்டாக மட்டும் வைக்காதீர்கள். ஃபோன் போனால் அதுவும் சேர்ந்து போகும்.

பேரனோ மருமகளோ உதவிக்கு இருந்தால் பக்கத்தில் உட்காரட்டும். ஃபோன் உங்கள் கையில் இருக்கட்டும்.

3. அன்றே மீட்பு வழியைப் போட்டுவிடுங்கள்

இந்தப் படியை யாரும் சொல்லித் தருவதில்லை. நான் இழந்ததெல்லாம் இந்த ஒரு படி இல்லாததால்தான்.

ஜிமெயிலைத் திறந்து, மேலே வலது மூலையில் இருக்கும் வட்டத்தைத் தட்டுங்கள். கூகுள் அக்கவுண்ட் என்று வரும். அதற்குள் செக்யூரிட்டி. அங்கே செய்ய வேண்டியவை மூன்று.

முதலில் ரெகவரி ஃபோன். உங்கள் எண்ணே இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஏற்கெனவே கடைக்காரர் போட்டுக் கொடுத்த கணக்கை வைத்திருப்பவர்கள், இதைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காமல் இப்போதே போய்ப் பாருங்கள். வேறு எண் இருந்தால் மாற்றுங்கள். மாற்றும்போது பாஸ்வேர்டு கேட்கும். அது தெரியாதென்றால், கணக்கு இன்னும் உங்கள் ஃபோனில் திறந்திருக்கும்போதே மாற்ற முயலுங்கள். ஃபோன் பூட்டிக்கொண்டபின் கதை கந்தல்.

அடுத்து ரெகவரி இமெயில். நம்பிக்கையான ஒருவரின் மெயில் முகவரி. நான் மகளுடையதைக் கொடுத்திருக்கிறேன், அவள் என்னுடையதைக் கொடுத்திருக்கிறாள்.

மூன்றாவது, டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். பாஸ்வேர்டோடு நிற்காமல் இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டாம் பூட்டு அது. அதை இயக்கியபின் பேக்கப் கோட்ஸ் என்று ஒன்று கிடைக்கும். 8 இலக்கத்தில் 10 எண்கள் தருவார்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறைதான் செல்லும். சிம்மும் போய், ஃபோனும் போய் நிற்கும் நாளில் பாஸ்வேர்டோடு இதில் ஒன்றைப் போட்டால் கணக்கு திறக்கும். நோட்டில் எழுதுங்கள், ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். பிறகு புதிதாக 10 எண் எடுத்தால் பழைய சீட்டு செல்லாது, கிழித்துப் போட்டுவிடுங்கள்.

சிம் பற்றி இரண்டு தகவல். ஒன்று, ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் எதற்குமே பயன்படுத்தாமல் விட்டால் அதைத் துண்டித்துவிட முடியும், பிறகு அதே எண் வேறு ஒருவருக்குப் போகலாம். உங்கள் கணக்கின் ஓடிபி அவருக்குப் போவதை நினைத்துப் பாருங்கள். ரெகவரியில் பழைய எண்ணை விட்டுவைக்காதீர்கள். இரண்டு, சிம் தொலைந்து அதே எண்ணில் மாற்று சிம் வாங்கினால், பாதுகாப்புக்காக முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் போட்ட உடனே ஓடிபிக்காகத் தட்டித் தட்டி, கணக்கையே சந்தேகப் பட்டியலில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். மறுநாள் பாருங்கள்.

பாஸ்வேர்டு மறந்து மீட்க நேர்ந்தால், வழக்கமாகப் பயன்படுத்தும் ஃபோனிலிருந்து, வழக்கமாக இருக்கும் வீட்டிலிருந்தே முயலுங்கள். அது நீங்கள்தான் என்று நம்ப கூகுளுக்கு அது உதவுகிறது. சில சமயம் உடனே கிடைக்காது, நாள் கணக்கில் காத்திருக்கச் சொல்லும். அப்புறம், இரண்டு ஆண்டு தொடாமல் கிடக்கும் கணக்கை நீக்கிவிடும் விதியும் கூகுளில் இருக்கிறது. இரண்டாவதாக ஒரு கணக்கு வைத்திருப்பவர்கள் எப்போதாவது அதையும் திறந்து பாருங்கள்.

4. மெயில் அனுப்பிப் பழகுங்கள்

முதல் மெயிலை உங்களுக்கே அனுப்புங்கள். கம்போஸ் தட்டி, டு என்ற இடத்தில் உங்கள் முகவரியையே போட்டு, சப்ஜெக்ட்டில் ஏதாவது எழுதி, அம்புக்குறியைத் தட்டினால் போய்விடும். திரும்ப வந்துவிட்டால் எல்லாம் சரி. தவறாக அனுப்பிவிட்டால் கீழே சில விநாடிகள் அண்டூ என்று மின்னும், அதற்குள் தட்டினால் மெயில் திரும்பி வந்துவிடும். கண் சிமிட்டும் நேரம்தான்.

சப்ஜெக்ட்டைக் காலியாக விடாதீர்கள். அலுவலகத்துக்கு அனுப்பும்போது பெயர், விண்ணப்ப எண், எதற்காக என்பதை அந்த ஒரு வரியிலேயே எழுதிவிடுங்கள். நான் 30 வருடம் தபால் பிரித்தவள். உறைமேல் எழுதியதைப் பார்த்துத்தான் எது முதலில் பிரிபடும் என்பது முடிவாகும்.

இணைப்பு 25 எம்பி வரைதான் செல்லும். பத்திரத்தை போட்டோ எடுத்து அனுப்பினால் மேசை, மின்விசிறி நிழல், உங்கள் கட்டைவிரல் எல்லாம் சேர்ந்து போகும். கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் வசதி இருக்கிறது. கேமரா மாதிரி ஒரு படம் வரும், அதைத் தட்டிப் பக்கம் பக்கமாக எடுத்தால் ஒரே பிடிஎஃப் ஆகிவிடும். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேனுக்குக் கொடுத்த காசு மிச்சம்.

வரும் பிடிஎஃப் சில பாஸ்வேர்டு கேட்கும். ஜிமெயில் பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்து, திறக்கவில்லை என்று நான் ஒரு நாள் முழுக்கத் தவித்தேன். அது வேறு. இணையத்தில் இறக்கிய ஆதாருக்கு, பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தைப் பெரிய எழுத்தில் போட்டு, அதை ஒட்டிப் பிறந்த ஆண்டு. இ-பான் கார்டுக்கு, பிறந்த தேதி, மாதம், ஆண்டு சேர்ந்த 8 இலக்கம். பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கு என்ன என்பது அந்த மெயிலிலேயே எழுதியிருக்கும், கீழே வரை படியுங்கள்.

எதிர்பார்த்த மெயில் வரவில்லையென்றால் ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கே விழுந்தது 30 நாளில் தானாக அழிந்துவிடும். என் இன்ஷூரன்ஸ் கடிதம் அங்கேதான் கிடந்தது, நல்லவேளை 20 நாளுக்குள் பார்த்துவிட்டேன்.

5. "இடம் நிறைந்துவிட்டது" என்று வந்தால்

இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயிலுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். டிரைவ், கூகுள் போட்டோஸ், ஆண்ட்ராய்டு ஃபோனில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப் எல்லாம் இந்த ஒரே அண்டாவில்தான் விழுகின்றன. அண்டா நிறைந்தால் புது மெயில் உள்ளே வராது, அனுப்பியவருக்கே திரும்பிவிடும். உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

உடனே மாதச் சந்தா கட்டச் சொல்லி அறிவிப்பு வரும். பெரும்பாலும் அது தேவைப்படாது. வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப் போய், வீடியோவைச் சேர்க்கும் பொத்தானை அணைத்துவிடுங்கள். தினமும் காலை வணக்கம் சொல்லும் பூக்கள் அத்தனையும் அங்கேதான் குவிந்திருக்கும்.

6. பொய் மெயில்

இன்றிரவு மின்சாரம் துண்டிக்கப்படும், கேஒய்சி முடிந்துவிட்டது, பார்சல் நிற்கிறது. இந்த மூன்றும் எனக்கே வந்திருக்கின்றன. அனுப்பியவர் பெயரை நம்பாதீர்கள். பெயரைத் தட்டினால் உண்மை முகவரி தெரியும், பேங்க் பெயரைப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு தனிநபர் ஜிமெயிலிலிருந்து வந்திருக்கும். அவசரப்படுத்துகிற மெயில் எதையும் அன்றே தொடாதீர்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லக்கூடாது, கூகுளிலிருந்து பேசுகிறேன் என்றாலும் சரி.

பணம் போய்விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழையுங்கள். உடனே என்றால் அந்த மணிக்குள். பணம் வேறு கணக்குகளுக்கு மாறி மாறிப் போவதற்குள் நிறுத்தினால்தான் மீட்க வாய்ப்பு அதிகம்.

7. மேப்பை வீட்டுத் திண்ணையில் பழகுங்கள்

இப்போது கல்யாணக் கதை. கடையம் தாண்டி அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். முகூர்த்தம் 9 மணியிலிருந்து 10.30. என் வீட்டுக்காரர் கார் ஓட்ட, நான் பக்கத்தில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு மேப் சொல்ல, தென்காசி வரை ராஜபோகமாகப் போனோம். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் இடப்பக்கம் திரும்பச் சொன்னது, திரும்பினோம். தார் ரோடு சிமென்ட் ரோடானது, சிமென்ட் ரோடு மண் ரோடானது, கடைசியில் ஒரு வாய்க்கால் கரையில் நின்றோம். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், நடுவில் காரின் அகலத்துக்குக் கொஞ்சம் குறைவான தடம். வரப்பில் நின்ற பெரியவர், "யம்மா, இதுல கார் எங்கன போவும்? இது மாடு போற தடம்லா" என்றார். டவரும் இல்லை.

வீட்டுக்கு வந்தபின்தான் காரணம் தெரிந்தது. மேப்பில் காருக்குத் தனி, டூவீலருக்குத் தனி வழி இருக்கிறது. பேரன் முந்தின வாரம் என் ஃபோனை வைத்துக்கொண்டு பைக்கில் சுற்றியிருக்கிறான். அது டூவீலரிலேயே நின்றிருந்தது. வழி போட்டதும் மேலே வரிசையாகக் கார், பைக், பஸ், நடை என்று சின்னப் படங்கள் வரும். எது தேர்வாகியிருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை. தப்பு மேப்புடையது இல்லை, என்னுடையது.

ஆகவே, முதல் வாரம் தெரிந்த இடத்துக்கே மேப் போட்டுப் போங்கள். கோயிலுக்கு, சந்தைக்கு. வழி உங்களுக்குத் தெரியும் என்பதால் அது என்ன சொல்கிறது, எப்போது சொல்கிறது என்பது பிடிபடும்.

ஃபோனில் லொகேஷன் இயங்க வேண்டும். மேப் முதன்முதலில் அனுமதி கேட்கும்போது, செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள், ப்ரிசைஸ் என்பதும் இயங்கட்டும். திரையில் நீங்கள் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் பெரிதாக இருந்தால் அதற்கே உங்கள் இடம் சரியாகத் தெரியவில்லை என்று பொருள். வெட்டவெளிக்கு வந்து கொஞ்சம் பொறுங்கள். புள்ளியிலிருந்து டார்ச் வெளிச்சம்போல் ஒன்று நீளும், அது நீங்கள் பார்க்கும் திசை. திசை தப்பாகக் காட்டினால் ஃபோனைக் கையில் பிடித்து, காற்றில் எட்டு போடுங்கள். பார்ப்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

குரல் தமிழிலும் கிடைக்கும். மேப் செட்டிங்ஸில் நேவிகேஷன் பகுதியில் குரலைத் தமிழுக்கு மாற்றலாம். ஊர்ப் பெயர்களை அது உச்சரிப்பதைக் கேட்டுச் சிரித்துப் பழகிவிட்டால் பயணத்தில் தடுமாற மாட்டீர்கள்.

8. போகும் இடம் அதுதானா?

கே.கே. நகர் சென்னையிலும் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது, திருச்சியிலும் இருக்கிறது. அண்ணா நகரும் அப்படியே. புதூர், புதுப்பட்டி என்று கிராமங்களுக்குக் கணக்கே இல்லை. பெயரைத் தட்டி, முதலில் வந்ததைத் தொட்டுக் கிளம்பிவிடாதீர்கள். எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள். 20 கிலோமீட்டர் இருக்க வேண்டியது 200 என்று வந்தால் அது வேறு ஊர்.

அழைப்பவரிடமே லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. வாட்ஸ்அப்பில் கரன்ட் லொகேஷன் என்று அனுப்பினால், அவர் அந்த நேரம் எங்கே நிற்கிறாரோ அந்த இடம்தான் வரும். மண்டபத்து லொகேஷன் அனுப்புங்கள் என்று கேட்டால், அவர் வீட்டில் உட்கார்ந்துகொண்டே அனுப்பிவிடுவார். நாம் சீர்வரிசைத் தட்டோடு பூட்டிய வீட்டு வாசலில் நிற்போம். "அண்ணே, மண்டபத்தில் நின்று அனுப்பினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மேப்பில் பெயரே இல்லாத இடமென்றால், அந்தப் புள்ளியில் விரலை அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். கீழே பிளஸ் கோட் என்று, எழுத்தும் எண்ணும் நடுவில் கூட்டல் குறியுமாக ஒன்று காட்டும். கதவு எண் இல்லாத தோட்டத்து வீட்டுக்குக்கூட அது உண்டு, காசு கிடையாது. எங்கள் வீட்டுடையதை எழுதி கேஸ் புத்தகத்தோடு வைத்திருக்கிறேன்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பேங்குக்கும் கேஸ் கம்பெனிக்கும் கஸ்டமர் கேர் எண்ணை மேப்பில் தேடி எடுக்காதீர்கள். அங்கே யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்ல முடியும் என்பதால் மோசடிக்காரர்கள் எண்ணை மாற்றி வைத்த சம்பவங்கள் உண்டு. பாஸ்புக்கில், ஏடிஎம் கார்டின் பின்புறத்தில் இருக்கும் எண்ணே போதும்.

9. முந்தின இரவு

டவர் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது செயற்கைக்கோளிலிருந்து வருவது, சிம்மே இல்லாத ஃபோனிலும் புள்ளி நகரும். இல்லாமல் போவது அடியில் இருக்கும் படம்தான். அதனால் படத்தை முன்கூட்டியே இறக்கி வைக்க வேண்டும்.

மேப்பில் மூலை வட்டத்தைத் தட்டி ஆஃப்லைன் மேப்ஸ், அதில் செலக்ட் யுவர் ஓன் மேப். ஒரு பெட்டி வரும். போகும் ஊரும் வழியும் அதற்குள் அடங்குமாறு இழுத்து, டவுன்லோடு தட்டுங்கள். எத்தனை எம்பி ஆகும் என்று அங்கேயே காட்டும், பெட்டி பெரிதானால் கூடும். வைஃபை உள்ள இடத்தில் செய்வது நல்லது. இப்படி இறக்கிய படத்தில் கார் வழி மட்டும்தான் கிடைக்கும். நடை வழியும் பஸ் வழியும் போக்குவரத்து நெரிசலும் வராது. அவ்வப்போது புதுப்பிக்கவும் வேண்டும், விட்டுவிட்டால் காலாவதியாகிவிடும்.

பிறகு வழியைப் போட்டு, ஸ்டார்ட் தட்டாமல், விரலால் படத்தைப் பெரிதாக்கி முழு வழியையும் ஒருமுறை நகர்த்திப் பாருங்கள். வழியில் வரும் நான்கைந்து ஊர்ப் பெயர்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபோன் அணைந்தாலும் டீக்கடையில் அடுத்த ஊரைச் சொல்லிக் கேட்கலாம். ஆப்ஷன்ஸில் அவாய்ட் டோல்ஸ் இருக்கிறது. சுங்கச்சாவடிக் காசு மிச்சம் என்று அதைப் போட்டால், சில நேரம் ஊர் ஊராக உள்ளே இழுத்துக்கொண்டு போய், மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலில் வாங்கிவிடும். இருட்டியபின் போவதென்றால் நான் அதை அணைத்துவிடுவேன்.

மேப் ஓடினால் டேட்டா அதிகம் போகாது, பேட்டரிதான் கரையும். வண்டியில் சார்ஜ் ஒயரும், கண்ணாடிக்குக் கீழே ஃபோனை மாட்ட ஒரு ஹோல்டரும் வேண்டும். நான் வாங்கிய ஹோல்டர் 250 ரூபாய். ஏ.சி. துவாரத்தில் மாட்டுவதைவிட டேஷ்போர்டில் ஒட்டுவது அசையாமல் நிற்கிறது. ஓட்டுபவர் ஃபோனைக் கையில் எடுக்கவே கூடாது. அபராதம் ஒரு பக்கம் இருக்கட்டும், வாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது.

10. வழியில்

மேம்பாலம் வரும் இடங்களில் கவனம். கத்திப்பாரா மாதிரி ரோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் இடத்தில், நீங்கள் மேலே போகிறீர்களா கீழே போகிறீர்களா என்று புள்ளியை வைத்துத் தெரியாது. குரல் சொல்வதோடு தலைக்கு மேல் இருக்கும் பச்சைப் பலகையையும் படியுங்கள். தவறவிட்டால் நடுரோட்டில் நிறுத்திப் பின்னால் எடுக்காதீர்கள். அது பாட்டுக்கு வேறு வழி போட்டுத் தரும், ஐந்து நிமிடம் கூடும், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ரயில்வே சுரங்கப்பாதை வழியாக வழி காட்டினால், தண்ணீர் நிற்கிறதா என்று பக்கத்துக் கடையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். ரோடு குறுகக் குறுக மேப்பைவிட ஊர்க்காரர் சொல்வதற்கு மதிப்புக் கூடும். எங்களுக்கு அன்று வழி காட்டியது அந்தப் பெரியவர்தான். முன்னால் நடந்தே வந்து, வண்டியைத் திருப்ப இடம் இருக்கும் களம் வரை ரிவர்ஸ் சொல்லிக் கொடுத்தார். தாலி கட்டி முடிந்து பந்தியில் உட்காரும்போதுதான் போய்ச் சேர்ந்தோம்.

தனியாகப் போகிறீர்கள் என்றால் வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை வீட்டில் ஒருவருக்கு அனுப்புங்கள். 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று தேர்ந்தெடுக்கலாம். நீண்ட பயணமென்றால் 8 மணி நேரம் போடுங்கள், போய்ச் சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். ஆபத்து என்றால் 112.

பெரிய ஆஸ்பத்திரி, கோயில், மண்டபம் போன்றவற்றில் மேப் பின்வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, வந்துவிட்டது என்று சொல்லும். நோயாளியோடு போகிறீர்கள் என்றால் முந்தின நாளே ஃபோன் செய்து, எந்த வாசல், எந்தத் தெருவில் என்று கேட்டுவிடுங்கள்.

11. ஃபோனை மாற்றும்போது

புது ஃபோன் வாங்கினால், பழையது இன்னும் உயிரோடு இருக்கும்போதே புதியதில் உங்கள் மெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் போட்டு உள்ளே நுழையுங்கள். பழைய ஃபோனில் நீங்கள்தானா என்று ஒரு கேள்வி வரும், எஸ் தட்டுங்கள். கூகுள் கணக்கில் சேமித்த தொடர்பு எண்கள், மெயில்கள், மேப்பில் சேமித்த இடங்கள் எல்லாம் பின்னாலேயே வந்துவிடும். வாட்ஸ்அப்பைத் தனியாக மாற்ற வேண்டும். ஒரு வாரம் இரண்டையும் வைத்திருங்கள்.

பிறகுதான் பழையதை யாருக்காவது கொடுக்கலாம். கொடுக்கும் முன் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய், ரிமூவ் அக்கவுண்ட் செய்துவிட்டு, அதே செட்டிங்ஸிலிருந்தே ரீசெட் கொடுங்கள். பொத்தான்களை அமுக்கி ரீசெட் செய்தால், வாங்குபவருக்கு எனக்கு வந்த அதே கேள்வி வந்து நிற்கும். யாரிடமாவது பழைய ஃபோன் வாங்குகிறீர்கள் என்றாலும், முகப்புப் பக்கம் வரை திறந்து, செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் காலியாக இருப்பதைப் பார்த்தபின் காசைக் கொடுங்கள். பில்லையும் கேட்டு வாங்குங்கள். என் பழைய ஃபோனை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் மகளுக்குக் கொடுத்தேன். கணக்கை அவளே தொடங்கினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன்.